கறுப்புப் பொருக்கும் தோளில் ஒரு நட்சத்திரமும்

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் சேலத்து ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு ஒரு காய்ச்சல் வரும். ஐந்தாறு நாளாக விடாத காய்ச்சல், சிவந்த கண், மண்டையைப் பிளக்கிற தலைவலி. மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை, டெங்கு இல்லை என்று ரிப்போர்ட் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். அனுபவமுள்ள சிஸ்டர் ஒருவர் திரையை இழுத்துவிட்டு, பாவாடை நாடா இறுகுகிற இடுப்பு மடிப்பு, அக்குள், மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு என்று டார்ச் அடித்துத் தேடுவார். எங்காவது ஓர் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல, நடுவில் கறுத்து ஓரம் சிவந்த சின்னப் பொருக்கு ஒன்று இருக்கும். அது வலிக்காது. அப்படி ஒன்று தன் உடம்பில் இருப்பது நோயாளிக்கே தெரிந்திருக்காது. அதைப் பார்த்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. ஸ்க்ரப் டைபஸ், அதாவது பத்திரிகைகள் எழுதுகிற உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

வார்டில் இருபத்தாறு வருடம் நின்றுவிட்டு, இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்தப் பொருக்கைக் காட்டுகிற நாளில் பாடத்தை விட்டுவிட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்து பர்மாவுக்குப் போய்விடுவது என் வழக்கம். போன வருடம் அப்படிப் போனபோது, நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்து படிக்கிற ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மேடம், மிலிட்டரி நர்ஸுன்னா துப்பாக்கியும் சுடணுங்களா?" வகுப்பே சிரித்தது. அவள் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். ராணுவ நர்சிங்குக்கு விண்ணப்பம் போடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறதாம். நியாயமான கேள்விதான். அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பர்மா. 1944இல், ஜப்பானியரோடு போர் நடந்த அசாம், மணிப்பூர் எல்லைக் காடுகளில் இதே கறுப்புப் பொருக்கைத்தான் தேடினார்கள். புல்லும் புதரும் மண்டிய இடத்தில் சிப்பாய் படுத்து எழுந்தால், கண்ணுக்கே தெரியாத உண்ணிக் குஞ்சு உடை இறுகும் இடம்வரை ஏறிப் போய்க் கடிக்கும். பத்து நாள் வாக்கில் காய்ச்சல் ஆரம்பிக்கும். நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது, சரி, என்ன மருந்து கொடுப்பது? கொடுக்க ஒன்றும் இல்லை. பெனிசிலின் அப்போதுதான் போர்முனைக்கு வர ஆரம்பித்திருந்தது. இந்தக் கிருமியிடம் அது பலிக்காது. சல்ஃபா மருந்துகளும் கைகொடுக்கவில்லை. குளோரம்ஃபெனிகால் இந்த நோயைக் குணப்படுத்தும் என்று கோலாலம்பூரில் சோதித்துப் பார்த்தது 1948இல். அதற்குள் போர் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

ஆகவே அன்றைக்கு இந்த நோய்க்கு இருந்த ஒரே வைத்தியம் நர்ஸ் செய்கிற வேலைதான். காய்ச்சல் இரண்டு வாரம் நிற்கும். இரண்டாவது வாரத்தில் நோயாளி பிதற்றுவார், கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்ப்பார், இல்லையென்றால் கட்டை மாதிரி கிடப்பார். இரண்டு மணிக்கு ஒரு தரம் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். விட்டால் முதுகு புண்ணாகும், நெஞ்சில் சளி கட்டும். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துச் சூட்டை இறக்க வேண்டும். நாக்கு காய்ந்து வெடித்திருக்கும். விரலில் துணியைச் சுற்றி வாயைச் சுத்தம் செய்தால்தான் அடுத்த வாய்க் கஞ்சி உள்ளே போகும். தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்து, எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு சிறுநீராக வந்தது என்று எழுதிவைக்க வேண்டும். நாடி திடீரென்று எகிறினால் இதயத் தசை தளர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். நோயாளியை எழுந்து உட்காரக்கூட விடக்கூடாது. இத்தனையும் ஒரே ஒரு கட்டிலுக்கு. மூங்கிலும் ஓலையும் கட்டிய கொட்டகை வார்டு, மழைக்காலத்தில் சேறாகிவிட்ட தரை, அரிக்கேன் விளக்கு வெளிச்சம், வரிசையாகக் கட்டில்கள். எட்டு மணி நேர ஷிஃப்ட் என்ற பேச்சே அங்கே கிடையாது.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், ராணுவ நர்ஸ் என்றதும் எல்லார் மனதிலும் வருவது குண்டடி பட்ட வீரனும் ரத்தம் நனைந்த கட்டும்தான். அதுவும் உண்டு. ஆனால் பர்மா முனையில் 14ஆவது படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஸ்லிம் தன் நினைவுகளில் ஒரு கணக்குச் சொல்கிறார்: 1943இல் காயம்பட்டுப் பின்னால் அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா மட்டுமே ஆண்டுக்கு நூற்றுக்கு 84 என்ற வீதம். அதோடு வயிற்றுக் கடுப்பு, சரும நோய்கள், இந்த உண்ணிக் காய்ச்சல். எதிரி சுட்டு வீழ்த்தியதைவிடக் கொசுவும் ஈயும் உண்ணியும் வீழ்த்தியதுதான் அதிகம். எந்த வார்டிலும் நர்ஸின் கை அதிகம் தொட்டது மலச்சட்டியையும் தெர்மாமீட்டரையும்தான்.

மலேரியாவுக்கு மருந்து இருந்தது, ஆனால் கைக்கு எட்டவில்லை. உலகத்துக் குவினைனில் பெரும்பங்கு ஜாவாவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனதும் வரத்து நின்றுபோனது. நமக்கு நீலகிரியில் நடுவட்டம் பக்கம் சின்கோனாத் தோட்டமும் குவினைன் ஆலையும் இருந்தன. லட்சக்கணக்கான பேர் கொண்ட படைக்கு அது எந்த மூலைக்கு? அதனால் மெபாக்ரின் என்ற மஞ்சள் மாத்திரையை நம்ப வேண்டியதாயிற்று. தினமும் விழுங்கினால் தோல் மஞ்சளாகும், வாய் கசக்கும். ஆண்மை போய்விடும் என்று படைக்குள் வதந்தி வேறு. வாயில் போட்டுக்கொண்டு அப்புறம் துப்பிவிடுவார்கள். ஸ்லிம் திடீர் ரத்தச் சோதனைக்கு உத்தரவிட்டார். ஒரு படைப்பிரிவில் நூற்றுக்கு 95 பேருக்குக் குறைவானவர்களிடம் மருந்து தென்பட்டால் அதன் தளபதியின் வேலை போயிற்று. மூன்று பேரை நீக்கியதுமே மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று எழுதுகிறார். டி.பி. நோயாளியைக் கண்முன்னே மாத்திரை விழுங்கவைத்து, "நாக்கைத் தூக்குங்க, பாக்கறேன்" என்று சொல்லியிருக்கிற எந்த நர்ஸுக்கும் இதைப் படித்தால் சிரிப்பு வரும். ஜெனரலும் கடைசியில் வார்டு சிஸ்டரின் வழிக்குத்தான் வந்து சேர்ந்தார்.

காயம்பட்டவர்கள் விஷயத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. படைப்பிரிவின் டாக்டர் சுடுகளத்துக்குப் பக்கத்திலேயே ரத்தத்தை நிறுத்திக் கட்டுப் போடுவார். அங்கிருந்து தூளியிலோ ஜீப்பிலோ ஃபீல்ட் ஆம்புலன்ஸுக்கு வருவார்கள். பெயர் ஆம்புலன்ஸ் என்றாலும் அது வண்டி இல்லை, ஒரு மருத்துவப் பிரிவு. அடுத்தது அறுவை சிகிச்சை நடக்கிற சி.சி.எஸ்., அதாவது காயம்பட்டவர்களைப் பிரித்து அனுப்புகிற நிலையம். அப்புறம் ஆஸ்பத்திரி ரயில், பிரம்மபுத்திராவில் நீராவிப் படகு, 1944 வாக்கில் டகோட்டா விமானம் என்று ஏதோ ஒன்றில் பின்னால் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு. பெண் நர்ஸ்களின் இடம் பெரும்பாலும் சி.சி.எஸ்.ஸில் தொடங்கும். வந்து இறங்குகிறவர்களில் யாரை முதலில் மேஜைக்கு ஏற்றுவது, யாருக்குப் பிளாஸ்மா ஏற்றிக் காத்திருக்கச் சொல்வது, யார் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருப்பது என்று பிரித்தாக வேண்டும். முடிவு டாக்டருடையது, ஆனால் அவர் மேஜையில் கத்தியோடு நிற்கிற நேரத்தில் வாசலில் நிற்பது நர்ஸ். பிளாஸ்மா உலர்ந்த பொடியாக வரும், சுத்தமான நீர் விட்டுக் கரைக்க வேண்டும். பெனிசிலின் ஊசியை மூன்று மணிக்கு ஒரு தரம் போட வேண்டும், ராத்திரி பகல் கிடையாது. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைக்க வேண்டும், மழுங்கின ஊசியைக் கல்லில் தீட்ட வேண்டும். உறையைக் கிழித்து ஊசி எடுத்துப் பழகிய என் மாணவிகளிடம் இதைச் சொன்னால், பாட்டி அம்மிக் கதை சொல்கிற மாதிரி கேட்டுக்கொள்கிறார்கள்.

கஞ்சி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்து ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் பார்லித் தண்ணீர், ஆரோரூட், ஜவ்வரிசிக் கஞ்சி ஆகியவற்றுக்கு முக்கிய இடம். ஜவ்வரிசி மலாயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. போரால் அந்த வரத்து நின்றதும், 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் எடுக்க ஆரம்பித்தார். இன்று ஆத்தூர் ரோட்டில் போகும்போது களம் களமாக வெள்ளை வெளேரென்று காய்கிறதே, அந்தத் தொழிலின் பிறப்பு இப்படி. நான் படித்த காலத்தில் டயட் வகுப்பில் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் காட்டி மார்க் வாங்கினோம். அது போர்க்காலப் பிள்ளை என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை.

இந்திய ராணுவத்துக்கு நர்ஸ்கள் வந்தது எப்படி? வழக்கமாகச் சொல்லும் ஆரம்ப வருடம் 1888. இங்கிலாந்திலிருந்து பயிற்சி பெற்ற பத்து நர்ஸ்கள் பம்பாயில் வந்து இறங்கினார்கள். கேத்தரின் லோச் அவர்களில் ஒருவர். அவர்கள் வந்தது யாரைப் பார்த்துக்கொள்ள என்பதைக் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரச் சிப்பாய்களை. இந்தியச் சிப்பாய்க்கு அவன் படைப்பிரிவின் சிறிய ஆஸ்பத்திரிதான். கூட இருக்கிற சிப்பாயோ வார்டு ஆளோ பார்த்துக்கொண்டால் உண்டு. முதல் உலகப் போரில் பிரான்ஸில் காயம்பட்ட இந்தியர்களை இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்து அரண்மனையில் படுக்கவைத்தார்கள். சாதி, மதம், சாப்பாட்டு வழக்கம் கெடக்கூடாது என்று அங்கே ஒன்பது சமையலறைகள்! அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், வெள்ளைக்கார நர்ஸ் இந்தியச் சிப்பாயைத் தொட்டுப் பணிவிடை செய்வது மட்டும் தகாது என்று அவர்களை மேற்பார்வையோடு நிறுத்திவிட்டார்கள். சிப்பாயின் மானத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டாலும், பயந்தது எதற்கு என்று யாரும் யூகிக்கலாம்.

அதே போரில் மதராஸ் மாகாண மக்கள் கொடுத்த நிதியில் ஒரு கப்பலை ஆஸ்பத்திரியாக மாற்றி, 'மெட்ராஸ்' என்றே பெயர் வைத்து அனுப்பினார்கள். எம்டன் வந்து சென்னையில் குண்டு போட்ட அதே 1914இல் நடந்தது இது. ஆனால் மெசபொடேமியாவில் (இன்றைய இராக்) 1916இல் மருத்துவ ஏற்பாடு அடியோடு சரிந்து, காயம்பட்டவர்கள் கட்டுகூட மாற்றப்படாமல் படகுகளில் கிடந்தார்கள். அந்த அவமானத்துக்கு விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 1918இல்தான் இந்தியச் சிப்பாய்களுக்கென்று ஒழுங்கான நிலைய ஆஸ்பத்திரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அவற்றுக்கு நர்ஸ் வேண்டுமே. 1926 அக்டோபர் 1ஆம் தேதி இந்திய ராணுவ நர்சிங் சேவை நிரந்தர அமைப்பானது. இன்றும் அந்தத் தேதியைத்தான் ராணுவ நர்ஸ்கள் தங்கள் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

சேவை பிறந்துவிட்டது, ஆள் எங்கே? நர்சிங் விஷயத்தில் மதராஸ் மாகாணம் மற்ற மாகாணங்களைவிட முன்னால் இருந்தது என்பதே உண்மை. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871இலேயே பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் நர்சிங் பள்ளி ஆரம்பித்தார். நர்ஸ்களைப் பதிவு செய்யும் சட்டம் இங்கே 1926இலேயே வந்துவிட்டது. அப்படியும், நாட்டின் சுகாதார நிலையை ஆராய 1943இல் அமைக்கப்பட்ட போர் கமிட்டி (சண்டைப் போர் இல்லை, தலைவர் பெயர் ஜோசப் போர்) 1946இல் கொடுத்த கணக்கைப் பாருங்கள். இந்தியா முழுவதற்கும் சுமார் 7,000 நர்ஸ்கள், அதாவது 43,000 பேருக்கு ஒருவர். அதே நேரத்தில் இங்கிலாந்தில் 300 பேருக்கு ஒருவர். இந்த 7,000 பேரிலிருந்துதான் ராணுவமும் எடுக்க வேண்டியிருந்தது. கொஞ்ச காலம் பயிற்சி கொடுத்துச் சேர்க்கிற துணை நர்சிங் சேவையைத் தொடங்கியது அதனால்தான்.

ஏன் இவ்வளவு பஞ்சம் என்று சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்நிய ஆணின் உடம்பைத் தொடுகிற வேலை, ராத்திரி டூட்டி, மலஜலம், எந்தச் சாதிக்காரர் என்று கேட்காமல் எல்லாருக்கும் பாத்திரம் வைப்பது. சாதி பார்க்கிற குடும்பங்களுக்கு இதில் ஒவ்வொன்றுமே போதும். அதனால் அந்தக் காலத்து நர்ஸ்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ-இந்தியப் பெண்களும்தான். நான் நர்சிங்குக்குச் சேர்ந்தது எண்பதுகளின் நடுவில்; போர் முடிந்து நாற்பது வருடம் கழித்து. அப்போதுகூட அம்மாபேட்டையில் எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியம்மா என் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏனம்மா, புள்ளைய கண்டவன் கால் கழுவ அனுப்பறயே, அப்புறம் எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்றார். அதே பெரியம்மா பின்னால் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது நான்தான் கழுவிவிட்டேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இந்தப் பின்னணியில் 1943 செப்டம்பர் 15ஆம் தேதி வந்த அவசரச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ராணுவ நர்ஸ்கள் ஆயுதப் படையின் பகுதி, கமிஷன் பெற்ற அதிகாரிகள் என்று அது சொன்னது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ராணுவ மருத்துவர்களையும் ஆஸ்பத்திரி ஊழியர்களையும் ஒன்றாக்கி இந்திய ராணுவ மருத்துவப் படை உருவாகியிருந்தது. போர் நெருக்கினால் வருடக்கணக்காகத் தூங்குகிற கோப்புகளும் எழுந்து ஓடும் போலிருக்கிறது. அதிகாரி அந்தஸ்து வெறும் அலங்காரம் இல்லை. வார்டில் பணிவிடை செய்கிற நர்சிங் சிப்பாய்கள் எல்லாரும் ஆண்கள், ராணுவத்தில் பழகியவர்கள். பேசின் தண்ணீரை மாற்று, கையைக் கழுவு, கட்டிலை வெயிலில் போடு என்று ஒரு பெண் சொன்னால், அது வேண்டுகோளா உத்தரவா? தோளில் நட்சத்திரம் இருந்தால் உத்தரவு. சிவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் எழுந்து நின்று பழகிய பெண்ணுக்கு, சிப்பாய்கள் எதிரே நின்று சல்யூட் அடிக்கிறார்கள். அந்த முதல் சல்யூட்டுக்கு எந்தக் கையைத் தூக்குவது என்று திணறியவர்கள் எத்தனை பேரோ.

இன்னொன்றும் இருக்கிறது. மதராஸ் மாகாணத்திலிருந்து அந்தப் போருக்குப் போனவர்கள் ஏராளம். பாலம் கட்டுகிற, பாதை போடுகிற சாப்பர் படைகளில் தமிழர்கள் நிறைய. ஜுரத்தில் கிடக்கிறவன் "வயிறு உருட்டுது", "நெஞ்சைப் பிசையுது", "கண்ணைக் கட்டுது" என்று சொன்னால், அந்த மூன்றும் மூன்று வேறு விஷயம் என்று புரிந்துகொள்ள அவன் ஊர்ப் பேச்சுத் தெரிந்த காது வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போனால் மூன்றும் "வலி" என்ற ஒரே வார்த்தையாகிவிடும்.

சரி, துப்பாக்கிக் கேள்விக்கு வருகிறேன். ஜெனீவா ஒப்பந்தப்படி மருத்துவப் பணியாளர்கள் போரிடுகிறவர்கள் இல்லை. செஞ்சிலுவை அணிந்தவரைத் தாக்கக்கூடாது. பதிலுக்கு அவரும் போரில் இறங்கக்கூடாது. தன்னையும் தன் நோயாளியையும் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்குச் சிறு ஆயுதம் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். எதிரி நாட்டுச் சிப்பாய் காயத்தோடு வந்தாலும் காயத்தின் கடுமையைப் பார்த்துத்தான் வரிசை. ஏட்டில் இப்படி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுகிற நேரத்தில் தப்பித்த ஆஸ்திரேலிய நர்ஸ்களின் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. பாங்கா தீவில் கரையேறிய 22 நர்ஸ்களைக் கடலுக்குள் நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து சுட்டார்கள். 21 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் விவியன் புல்விங்கல் ஒருவர் மட்டும். அவர்கள் கையில் செஞ்சிலுவைப் பட்டை இருந்தது.

இரண்டு வருடம் கழித்து நம் கடலுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. 1944 பிப்ரவரி 12, மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'கெடிவ் இஸ்மாயில்' என்ற துருப்புக் கப்பல் மாலத்தீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவில் சிக்கியது. மூழ்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஏறக்குறைய 1,300 பேர் செத்தார்கள், அவர்களில் 77 பேர் பெண்கள், பெரும்பாலும் நர்ஸ்கள். அது துருப்புக் கப்பல், ஆஸ்பத்திரிக் கப்பல் இல்லை. அதனால் சட்டப்படி அதைத் தாக்கியது குற்றம் ஆகாது. நர்ஸ் எந்த வண்டியில் ஏறுகிறாள் என்பதிலேயே அவளுக்குள்ள பாதுகாப்பு மாறிவிடும். மாணவிகளிடம் இதைச் சொல்லும்போது வகுப்பில் சத்தமே இருக்காது.

பர்மா முனைக்கு அந்தப் பக்கத்திலும் நம் பெண்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. சேலம், திருச்சி, வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணி அழைத்துப்போன குடும்பங்களின் பிள்ளைகள் மலாயா ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தார்கள். சென்னையில் மருத்துவம் படித்து 1940இல் சிங்கப்பூர் போன டாக்டர் லட்சுமி, நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படைக்கு 1943இல் தலைமை ஏற்றார். அதில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி இந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். துப்பாக்கிப் பயிற்சி பெற்றார்கள். நர்சிங் பிரிவு ஒன்றும் இருந்தது. இம்பால் தோல்விக்குப் பிறகு எலும்பும் தோலுமாக, மலேரியாவிலும் கடுப்பிலும் திரும்பி வந்த, ஜப்பானியரோடு சேர்ந்து போரிட்ட ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவ) சிப்பாய்களை பர்மாவின் ஆஸ்பத்திரிகளில் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைமை அவர்களுக்கு. மலைக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ் படையின் வார்டில் ஒரு தமிழ் சிஸ்டர், அந்தப் பக்கம் மருந்தே இல்லாத வார்டில் இன்னொரு தமிழ்ப் பெண். இரண்டு பேர் கையிலும் இருந்தது அதே ஈரத்துணி. எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டு ஒருவரைப் புகழ்ந்து மற்றவரை மறப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை.

போர் முடிந்தது, நட்சத்திரம் தங்கியது. 1943இன் அவசரச் சட்டம் என்று பெயர் இருந்தாலும், ராணுவ நர்சிங் சேவைக்கு இன்றுவரை அடிப்படை அதுதான். 1976இல் கெர்ட்ரூட் ஆலிஸ் ராம் மேஜர் ஜெனரல் ஆனார். இந்திய ராணுவத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் ஒரு நர்ஸ் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஆனால் அதற்கு அடுத்த வருடம், 1977இல், வந்த ஒரு ராணுவ அறிவுறுத்தல், கல்யாணம் செய்துகொண்டால் நர்ஸை வேலையிலிருந்து நீக்கலாம் என்றது. கல்யாணம் பண்ணிக்கொண்ட டாக்டர் கேப்டனுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. லெப்டினன்ட் செலினா ஜான் 1988இல் ஒரு ராணுவ அதிகாரியையே மணந்தார். அதே வருடம் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்த விதியை 1995இல் விலக்கிக்கொண்டார்கள். அவர் வழக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்த நீக்கம் சட்டவிரோதம், பெண் என்பதால் காட்டிய பாகுபாடு என்று சொல்லி 60 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. 36 வருடம்! போருக்கு ஆள் வேண்டியபோது கொடுத்த மரியாதையில், அமைதிக் காலம் வந்ததும் எவ்வளவு பிடித்தம் செய்துகொண்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ரசீது இல்லை.

இப்போது சேருகிற வழி எளிமையானதுதான். பிளஸ் டூவில் அறிவியல் படித்த பெண்கள் நீட் மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கிறார்கள். புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூர் என்று ஆறு இடங்களில் நான்கு வருட பி.எஸ்ஸி. நர்சிங், நாடு முழுவதற்கும் சுமார் 220 இடங்கள். முடித்ததும் சேவை செய்வதாக முன்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். தேறி வெளியே வந்தால் லெப்டினன்ட். சேரும்போது கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது. விவாகரத்தானவர்களும் பிள்ளைகுட்டி இல்லாத விதவைகளும்கூட விண்ணப்பிக்கலாம்.

நாகலூர்ப் பெண்ணிடம் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கல்யாண வழக்கையும் சேர்த்துச் சொன்னேன். "உங்கம்மாகிட்ட சொல்லு, இப்போ அந்த ரூல் இல்ல, பின்னாடி கல்யாணம் பண்ணிக்கலாம்னு." இரண்டு நாள் கழித்து வார்டில் பார்த்தேன். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில் வேலை பார்க்கிற ஓர் அக்காவின் முழங்காலுக்குப் பின்னால் கறுப்புப் பொருக்கைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், சார்ட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கல்யாணத்தப் பத்தி ஒண்ணும் கேக்கலைங்க மேடம். லீவு எத்தனை நாளு குடுப்பாங்க, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வர முடியுங்களான்னு கேட்டாங்க."